மண்டபத்துக்கு 8×6 அடி போட்டோ: ஜிஐ தகட்டில் ஒட்டியது ஓரம் தூக்குது

தெப்பக்குளத்தான்:
திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாண மண்டப வராண்டாவுக்கு நாயக்கர் மகால் தூண்கள் போட்டோ. அகலம் 8 அடி, உயரம் 6 அடி. ஈகோ சால்வென்ட் மையில வினைல் (பின்னால பசை உள்ள பிளாஸ்டிக் ஷீட்) பிரிண்ட், மேல கிளாஸ் லேமினேஷன் (பளபளப்பான பாதுகாப்பு ஃபிலிம்), ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தகட்டில் ஒட்டியிருக்கு. மேற்குச் சுவர், சாயங்கால வெயில் நேரா அடிக்கும். இப்ப ஓரமெல்லாம் சுருளுது. கறுப்பு ஏரியா முழுக்கப் பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி. மறுபடி பண்ணும்போது ஏசிபிக்கு (நடுவுல பிளாஸ்டிக் வச்ச அலுமினிய ஷீட்) மாறலாமா? தண்ணி அடிச்சு ஒட்டணுமா, டிரையாவா?

மேலமாசி பிரிண்ட்:
ஷீட்டை மாத்துறதுக்கு முன்னாடி லேமினேஷனைப் பாருங்க. பிரிண்ட் எடுத்த அன்னைக்கே லேமினேஷன் போட்டா, மையில இருக்கிற சால்வென்ட் (மையைக் கரைச்சிருக்கிற திரவம்) வெளியேற வழியில்லாம அடியில பசைக்குள்ள இறங்கும். பசை இளகும், வினைல் சுருங்கும், ஓரம் எந்திரிக்கும். குறைஞ்சது 24 மணி நேரம் காயணும். உங்க படம் மாதிரி இருட்டு அதிகம்னா 48. மழைக்காலத்துல இன்னும் கூட. ரோலா இறுக்கிச் சுத்தி வச்சா அது காயுற கணக்குல சேராது. தளர்வா சுத்தி நிமிர்த்தி வைங்க.

ரெண்டாவது, லேமினேஷன் ஃபிலிமை மெஷின்ல இழுத்துப் போட்டிருப்பாங்க. இழுபட்ட ஃபிலிம் வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், வினைலையும் சேர்த்துத் தூக்கும். வினைல் பாலிமெரிக்னா (அதிகம் சுருங்காத ரகம்) லேமினேஷனும் பாலிமெரிக்கா இருக்கணும். விலை குறையுதுன்னு மோனோமெரிக் (சீக்கிரம் சுருங்கிற ரகம்) ஃபிலிம் போட்டா மேற்கு வெயிலுக்கு நிக்காது.

வெள்ளைப் புள்ளி, ஃபிலிமுக்கும் மைக்கும் நடுவுல மாட்டின காத்து. ரோலர் அழுத்தம் பத்தல. வராண்டாவுக்கு கிளாஸ் வேணாம், பளபளப்பில்லாத மேட் போடுங்க. கிளாஸ்ல மகால் தெரியாது, எதிர்ல நிக்கிற வண்டிதான் தெரியும்.

ஆனையூர் ஃபேப்:
ஏசிபிதான் சரி. 4 எம்எம், பாலியஸ்டர் கோட்டிங். பிவிடிஎஃப்ங்கிற இன்னொரு வகை கோட்டிங்ல பசை பிடிப்பு குறைவு. மெல்லிசான ஜிஐ தகடு நடுவுல அலையடிக்கும், வெட்டின ஓரத்துல துருவும் ஏறும்.

ஷீட் பொதுவா 8×4 அடி அளவுலதான் கிடைக்கும். அதனால 4 அடிக்கு 6 அடியா ரெண்டு பேனல். நாலு பக்கமும் 1 இஞ்ச் கூடுதல் படம் வேணும்ங்கிறதால அகலம் 50 இஞ்ச் ஆயிடும். 4 அடி ரோல் பத்தாது, 5 அடி ரோல்ல எடுக்கணும்.

அலுமினியம் 1 மீட்டருக்கு, 1 டிகிரிக்கு சுமார் 0.024 எம்எம் நீளும். ராத்திரி 25, வெயில்ல தகடு 65னு வைங்க. 8 அடிக்கு 2 எம்எம்முக்கு மேல வருது. பேனலுக்கு நடுவுல 3 எம்எம் விடுங்க, ஸ்குரூ ஓட்டையை நீள்வட்டமா போடுங்க. முட்டக் கொடுத்தா நடுவுல உப்பும். ஃபைல்லயும் அந்த 3 எம்எம் படத்தைக் கழிச்சிடணும். இல்லாட்டி வளைவுக் கோடு ஒரு பேனல்ல விட்ட இடத்துல அடுத்ததுல சேராது.

மேலமாசி பிரிண்ட்:
ஒட்டுறது டிரையாத்தான். சோப்புத் தண்ணி சின்ன ஸ்டிக்கருக்குச் சரி. இந்த அளவுல நடுவுல மாட்டின தண்ணிக்குப் போக்கிடம் கிடையாது; உலோகமும் உறிஞ்சாது, லேமினேஷனும் விடாது.

ஏசிபி மேல இருக்கிற பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டுறப்ப மட்டும் உரிங்க. உரிச்சதும் ஸ்டேட்டிக்ல தூசி ஓடி வந்து ஒட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல ஒரு துணியால துடைச்சு, அது காயுறதுக்குள்ள இன்னொரு துணியால உலர்த்திடுங்க. பிரிண்டை மேசையில சரியா வச்சு மேல் ஓரத்தை மாஸ்கிங் டேப்பால பிடிங்க. பின்பேப்பரை 4 இஞ்ச் மட்டும் உரிச்சு மடக்கி, அந்தப் பட்டையை ஒட்டிட்டு, ஒருத்தர் பேப்பரை அடியில இழுக்க இழுக்க இன்னொருத்தர் துணி கட்டின ஸ்க்வீஜியால (தேய்க்கிற பட்டை) நடுவுலருந்து வெளிய தேய்க்கணும். நிழல்ல, காலையில வேலையை முடிங்க. சுட்ட தகட்டில பசை தொட்ட இடத்துலயே பிடிச்சுக்கும், எடுத்து வைக்க முடியாது. குமிழ் விழுந்தா கீறாதீங்க. ஓரத்துல ஊசியால குத்தி அந்தப் பக்கமா தள்ளுங்க.

தெப்பக்குளத்தான்:
நன்றிணே. ஓரத்தைப் பின்னால மடக்கி ஒட்டலாமா?

ஆனையூர் ஃபேப்:
வேணாம் தம்பி. மடக்கின வினைல் நிமிரத்தான் பார்க்கும், வெயில்ல இன்னும் சீக்கிரம். ஒரு நாள் பசை பிடிக்கட்டும். அப்புறம் புது பிளேடு போட்டு ஷீட் ஓரத்தோட சமமா வெட்டிட்டு, சுத்தி அலுமினிய யூ பீடிங் (U வடிவ ஓரப் பட்டை) மாட்டிடுங்க. மேல் பீடிங்ல மட்டும் சிலிக்கான் விடுங்க, கீழ் பக்கம் அடைக்கக் கூடாது. உள்ள போன சாரல் தண்ணி இறங்கணும்.