அம்மம்மாவின் 1967 கொண்டையை வீட்டிலேயே போட வழி சொல்லுங்கோ

பரந்தன்காரி:

வணக்கம். ஆவணியில் தம்பிக்குக் கலியாணம், மண்டபம் கிளிநொச்சியில், மாப்பிள்ளைத் தோழி நான். அன்றைக்கு எனக்கு அம்மம்மாவின் தலை வேணும். சிரிக்காதீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பழைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2009இல் அல்பங்களை ஒரு றங்குப்பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு திரிந்து, கடைசியில் பெட்டியை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் வந்து சேர்ந்தோம். போன மாதம் கனடாவில் இருக்கும் பெரியம்மா தன்னிடம் இருந்த ஒரு ஸ்ரூடியோப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். பின்பக்கத்தில் பேனையால் 1967 என்று எழுதியிருக்கிறது. அம்மம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட வந்திராது. முன்னுச்சியில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு பஃப், காதுக்கு முன்னால் 6ஐத் திருப்பிப் போட்டதுபோல ஒரு சுருள், பிடரியில் தாழ்வாக உருண்டைக் கொண்டை, அதற்குப் பக்கத்தில் பாதி தெரிகிற பூச்சரம். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, கோழிக்குத் தீன் போடப் போய்விட்டார். அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

இரண்டு தரம் முயன்றாயிற்று. முதல் தரம் சீப்பால் சிக்காக்கித் தூக்கினேன், அரை மணித்தியாலத்தில் மழையில் நனைந்த குடில்போலப் படுத்துவிட்டது. இரண்டாம் தரம் கடையில் வாங்கிய ஜெல்லை அள்ளிப் பூசினேன், கிணற்றில் விழுந்து எழும்பிய கோழிபோல இருந்தேன். ஒரு சலூனில் படத்தைக் காட்டிக் கேட்டால், “இதெல்லாம் இப்ப ஆர் அக்கா போடினம், சுருட்டி விரிச்சு விடுவம்” என்றார்கள்.

என் தலைமயிர் முழங்கை வரை இருக்கும், டெங்கு வந்த பிறகு நல்லாகக் கொட்டி மெலிந்துவிட்டது. சூட்டுக் கம்பி ஒன்றும் என்னிடம் இல்லை, வாங்கவும் விருப்பமில்லை. அந்தக் காலத்தில் அது இல்லாமல்தானே போட்டிருப்பார்கள்? எப்படி என்று யாராவது சொல்லுங்கோ.

வவுனியா மாமி:

பிள்ளை, முதலில் ஒரு கேள்வி. அன்று காலையில்தானே தலைக்குத் தண்ணி வார்த்தாய்? அதுவும் செவ்வரத்தம் இலை அரைத்து? அப்படியென்றால் விழத்தான் செய்யும். செவ்வரத்தை தலைமயிருக்கு நல்லது, பஃப்புக்குச் சத்துரு. வழுக்கும். முதல் நாள் முழுகு, சம்பு போதும், எண்ணெய் ஒரு துளியும் வேண்டாம். உன் பக்கத்துக் கிணற்றுத் தண்ணி கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற தண்ணி என்றால், கடைசி வாளிக்குள் ஒரு தேசிக்காயைப் பிழிந்து ஊற்று, அந்தப் படை தலையிலும் நிற்காது.

நான் முப்பது வருசமாகப் பொம்பிளை வெளிக்கிடுத்துகிற ஆள். சிக்காக்குவதில் எல்லாரும் விடுகிற பிழை ஒன்றுதான்: முன்னால் இருந்து தொடங்குவது. உச்சியின் பின்பக்கத்தில் இருந்து தொடங்கு. ஒரு விரல் தடிப்பில் ஒரு கற்றையை எடுத்து நேராக மேலே தூக்கிப் பிடி. வால் சீப்பை நடுவில் வைத்து வேர்ப் பக்கமாகக் கீழே தள்ளு, பிறகு வெளியே எடு. திருப்பி மேலே இழுத்தால் தள்ளினதெல்லாம் கழன்றுவிடும். மூன்று நாலு தரம் தள்ளினால் வேரடியில் பஞ்சுபோல ஒரு மெத்தை கட்டும். அடுத்த கற்றையை இதன் முன்னால் சாய்த்துச் செய். இப்படி நாலு கற்றை போதும். நெற்றியோரம் கடைசியாக நிற்கிற கற்றையைத் தொடவே கூடாது, அதுதான் போர்வை. அதைப் பின்னால் இழுத்து மெத்தைக்கு மேலே போர்த்தி, சீப்பின் பல் மேலால் மட்டும் படுகிற மாதிரித் தடவி விடு.

ஆனால் பிள்ளை, மெலிந்த தலைக்கு இது தனியே காணாது. உள்ளுக்கு ஏதும் வைக்க வேணும். அந்தக் காலத்துப் படத்தில் பார்க்கிற உயரமெல்லாம் சொந்த மயிர் என்று நம்பாதே. சரோஜாதேவியைப் பார்த்துத் தலை இழுத்த எங்கள் அக்காமார் எல்லாருக்கும் உள்ளே ஒரு இரகசியம் இருந்தது.

என் அம்மா சீப்பில் வருகிற மயிரை எறிய மாட்டார். விரலில் சுற்றிச் சின்ன வளையமாக்கி, பால்மா டின்னுக்குள் போடுவார். ஒரு வருசம் சேர்ந்தால் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு வரும். அதைக் கழுவிக் காயவைத்து, ஒரு வலைக்குள் திணித்து வாழைப்பூ மாதிரி நீளமாக உருட்டித் தைத்துவிடுவார். சொந்த நிறம், சொந்த மயிர், எந்த வெளிச்சத்திலும் வித்தியாசம் தெரியாது. சின்ன வயதில் நான் அந்த டின்னைத் திறந்து பார்த்துவிட்டு எலி என்று கத்தின கதையும் உண்டு.

முறிகண்டிக் கச்சான்:

மாமி, எலி என்றது சரிதான்! இங்கிலீசிலும் அதற்கு எலி என்றுதான் பேர். வெள்ளைக்காரிகளும் நூறு வருசத்துக்கு முன்னம் சீப்பு மயிரைச் சேர்க்க மூடியில் ஓட்டை வைத்த சின்னப் பீங்கான் சாடி ஒன்றைக் கண்ணாடி மேசையில் வைத்திருந்தார்கள். உங்கள் அம்மாவின் பால்மா டின்தான் அது, பூப்போட்ட டின்.

அக்கராயன் வாத்தி:

பொம்பிளைகளின் கதைக்குள் வருவதற்கு மன்னிக்கவும். மகளின் பள்ளிக்கூட நாடகத்துக்காக இந்தச் சுருள் வேலையை நான் படிக்க வேண்டி வந்தது. நான் இரசாயனம் படிப்பிக்கிற ஆள், அதனால் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

தலைமயிர் ஒரு புரதம். அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கிற பிணைப்புகளில் ஒரு வகை ஐதரசன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் அது விடும், காய்ந்தால் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே திரும்பப் பிடிக்கும். ஆகவே ஈரத்தில் சுருட்டி, கிளிப் போட்டு, முழுக்கக் காயவிட்டால் சூட்டுக் கம்பி செய்கிற வேலையை இரவு செய்துவிடும். கம்பியும் இதே பிணைப்பைத்தான் சூட்டால் விடுவித்துப் பிடிக்கவைக்கிறது. கெதியாகச் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்கச்சி, காதோரச் சுருளுக்கு இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் இரவு, சொட்டச் சொட்ட அல்ல, துவாயால் துடைத்துக் கை வைத்தால் குளிர்கிற அளவு ஈரத்தில், காதுக்கு முன்னால் ஒரு சிறு கற்றையை எடுங்கள். நுனியில் இருந்து சுட்டுவிரலைச் சுற்றி உருட்டிக்கொண்டு வேர் வரை வாருங்கள். நுனி வட்டத்துக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே நீட்டினால் காலையில் தூண்டில்போல நிற்கும். வட்டத்தைக் கன்னத்தோடு தட்டையாகப் படுக்கவைத்து இரண்டு கறுப்புக் கிளிப்பைக் குறுக்கும் மறுக்குமாகப் போடுங்கள். கிளிப்பின் நெளிந்த பக்கம் தலையோடு படவேண்டும். நான் அதுவரை மறுபுறமாகத்தான் போடுவது என்று நினைத்திருந்தேன், மகளும் அப்படியே.

காலையில் உள்ளே கொஞ்சமாவது ஈரம் இருந்தால் அவிழ்க்காதீர்கள். அவிழ்த்தால் போச்சு.

அடுத்தது காற்று. மயிர் தன் நிறையில் ஏறக்குறைய 30 வீதம் வரை தண்ணீரை உறிஞ்சக்கூடியது. மார்கழியில் வாடை ஈரத்தோடு அடிக்கும்போது பிணைப்புகள் தாமாகவே விட்டுவிடும், என்ன பூசினாலும் மத்தியானத்துக்குள் நேராகிவிடும். ஆவணியில் சோளகம். எங்கள் பக்கம் அது காய்ந்த காற்று, சுருள் நிற்கும். ஆனால் அடிக்கிற அடியில் பஃப் பறக்கும். மண்டபத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள்.

பரந்தன்காரி:

சேர், ஓட்டோதான். இரண்டு பக்கமும் திரை போட்ட ஓட்டோ.

மாமி, நீங்கள் சொன்ன மாதிரிப் பின்னால் இருந்து தொடங்கிப் பார்த்தேன். முதல் தரமாக ஒரு மணித்தியாலம் தாண்டி நின்றது. ஆனால் மயிர் சேர்க்க இனி ஒரு வருசம் இல்லையே. ஸ்பிரே அடிக்காமல் பிடிக்கவைக்க வேறு ஏதும் இருக்கா? எனக்கு அந்த வாசம் தலையிடி.

முல்லைக் கடற்கரை:

அக்கா, ஸ்பிரே வேண்டாம். அந்த டப்பா கடைகளுக்கு வந்ததே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதற்கு முந்தின 1920கள், 30களில் தலையோடு ஒட்டின அலை அலையான ஸ்ரைல் போட்டவர்கள் ஆளிவிதையை அவித்த கொழகொழப்பைத்தான் பூசினார்கள். ஆளிவிதைக்கு நாங்கள் எங்கே போவது. தோட்டத்தில் வெண்டிக்காய் இருக்குத்தானே? ஏழெட்டு முற்றின காயைத் துண்டாக்கி, ஒரு பெரிய கப் தண்ணியில் பத்து நிமிசம் அவியவிட்டு, சூடு ஆறமுதல் மெல்லிய துணியில் வடித்துப் பிழியுங்கோ. ஆறினால் தடித்துத் துணிக்குள்ளேயே நின்றுவிடும். வருகிறது பிசின் மாதிரி இருக்கும். அதை ஈரச் சுருளில் தடவிவிட்டுக் கிளிப் போட்டால் காலையில் மொரமொரவென்று நிற்கும், மெதுவாக விரலால் உடைத்தால் பளபளக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஐந்தாறு நாள் கிடக்கும், அதற்கு மேல் மணக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சீனித் தண்ணி நல்லாகப் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, நான் ஒரு கலியாணத்துக்கு முதல் நாள் இரவு பூசிக்கொண்டு பாயில் படுத்தேன். பிடிக்கும், பொய் இல்லை. ஆனால் விடியப்புறம் ஒரு மூன்று மணிக்குத் தலைக்குள் ஊர்வலம். கதவு நிலையில் இருந்து என் தலகணி வரை எறும்பு வரிசை. அந்த நேரத்தில் கிணற்றடியில் நின்று தலைக்கு ஊற்றினேன், அம்மா பேய் பிடித்துவிட்டது என்று நினைத்தார்.

கழற்றுகிறபோது கவனம். சிக்காக்கின தலையை வேரில் இருந்து இழுத்தால் பாதி சீப்போடு வந்துவிடும், உங்களுக்கு ஏற்கெனவே கொட்டின தலை. கண்டிஷனரோ தேங்காயெண்ணெயோ நிறையத் தடவி, கால் மணித்தியாலம் விட்டு, அகலப் பல் சீப்பால் நுனியில் இருந்து மேலே மேலே வாருங்கோ. கலியாணத்துக்கு முன்னம் ஒத்திகை இரண்டு தரம் போதும், கிழமைக்கு மூன்று தரம் செய்தால் ஆவணியில் தூக்க ஒன்றும் இருக்காது.

முறிகண்டிக் கச்சான்:

உயரமாகத் தூக்குகிறது என்றால் தேன்கூட்டுத் தலையைப் போடலாமே. 1960இல் சிக்காகோவில் மார்கரெட் ஹெல்ட் என்ற அம்மா ஒரு பத்திரிகைக்காகக் கண்டுபிடித்தது. தன்னிடம் இருந்த துருக்கித் தொப்பி மாதிரியான ஒரு சின்னத் தொப்பிக்குள் அடங்குகிற அளவில் தலையைக் கட்டினாராம்.

வவுனியா மாமி:

தோழிக்குத் தேன்கூடு வேண்டாம். பொம்பிளையை விட உயரமாக நிற்கக் கூடாது, பிறகு வீடியோக்காரன் ஆரை எடுக்கிறது என்று குழம்புவான்.

பிள்ளை, அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாயா? பஃப் நடுவிலா நிற்கிறது? பக்கம் சாய்ந்திருந்தால் உச்சி கன்ன உச்சியாக இருக்கும், அதை மாற்றிவிட்டு என்ன செய்தாலும் அம்மம்மா வரமாட்டா. கொண்டையையும் பார். மயிரை முறுக்கிச் சுற்றினதா, பின்னிச் சுற்றினதா?

பரந்தன்காரி:

மாமி, நீங்கள் சொல்லித்தான் பெருப்பித்தேன். இரண்டு கிழமையாக அந்தப் படத்தை வைத்திருக்கிறேன், இது கண்ணில் படவே இல்லை. உச்சி இடப்பக்கம், பஃப் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. கொண்டையில் பின்னல் தெரியவில்லை, முறுக்கினதுதான். இன்னொன்றும் கண்டேன். வலது காதுக்குப் பின்னால் ஒரு கிளிப்பின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு மினுங்குகிறது. ஸ்ரூடியோக்காரரும் கவனிக்கவில்லை, அம்மம்மாவும் கவனிக்கவில்லை. அதையும் அப்படியே விடப்போகிறேன்.

நேற்றிரவு கனடாவுக்கு எடுத்துப் பெரியம்மாவிடம் கேட்டேன், உள்ளே என்ன வைத்தவ என்று. அந்த மனிசி விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்குப் பெரிய மாமா படம் எடுக்க வரமாட்டேன் என்று அழுதாராம், ஏனென்றால் அவரது பள்ளிக்கூடக் கறுப்பு மேசில் ஒன்றைக் காணவில்லை. ஸ்ரூடியோவில் எல்லாரும் நிற்கிற குடும்பப் படம் ஒன்றும் எடுத்தார்களாம், அது எங்கள் றங்குப்பெட்டியோடு போய்விட்டது. அதில் மாமா ஒரு காலில் மேசோடும் மற்றக் காலில் வெறுஞ்சப்பாத்தோடும் நின்றாராம். காணாமற்போன மேசு முழுநேரமும் அம்மம்மாவின் பஃப்புக்குள்ளே! அது மாமாவுக்கு இன்றைக்கும் தெரியாதாம்.

ஆகவே இன்று காலையில் தம்பியின் அலுமாரியைக் கிண்டி ஒரு கறுப்புச் சொக்ஸ் எடுத்தேன். விரல் பக்கத்தை வெட்டிவிட்டு இறுக்கமாக உருட்டினேன், நாலு விரல் உயரம் சரியாக வந்தது. மாமி சொன்ன மெத்தைக்கு நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் யூ பின் குத்தி, முன் கற்றையால் போர்த்திவிட்டேன். சமைத்து, உடுப்புத் தோய்த்து, இப்போது பின்னேரம் நாலு மணி. இன்னும் நிற்கிறது. அம்மா கடந்து போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

தம்பி மட்டும் மற்றச் சொக்ஸை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறான்.

வவுனியா மாமி:

கழுவிப்போட்டுத்தானே வைத்தாய்?