கெடுவும் 20ஆம் தேதியும் ஒரே நாளில் வந்தபோது

கணக்குப் பிரிவில் பணியாற்றும் உறுப்பினர்:

எங்கள் அலுவலகத்தில் மென்பொருள் புதுப்பிப்புகள் அனைத்தும், ஐடி பிரிவு அனுப்புவதை நிறுவிக்கொள்ள உதவும் 'சாஃப்ட்வேர் சென்டர்' என்ற செயலி வழியாகவே வருகின்றன. மைக்ரோசாஃப்ட் அவற்றை மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. ஐடி பிரிவினர் சோதித்துப் பார்த்து வியாழனன்று எங்கள் பட்டியலில் சேர்த்து, நிறுவி முடிக்க ஒரு வாரம் கெடு கொடுப்பார்கள். இரண்டாம் செவ்வாய் 8க்கும் 14க்கும் இடையில்தான் வரும் என்பதால், மாதாந்திர ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குரிய 20ஆம் தேதியை ஒட்டியே அந்தக் கெடு பல மாதங்களில் முடிகிறது.

அந்த மாதம் பட்டியலில் ஆறு வரிகள் இருந்தன: விண்டோஸ், டாட்நெட், ஆபீஸ், உலாவி, பிடிஎஃப் ரீடர், ஒரு டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்). வேலை நெருக்கடியில் ஒவ்வொரு நாளும் தள்ளிவைத்தேன். 20ஆம் தேதி பிற்பகல் தணிக்கையாளருடன் பேசிவிட்டு இருக்கைக்குத் திரும்பியபோது, கட்டாய மறுதொடக்கத்துக்காக 90 நிமிடத்தில் தொடங்கிய இறங்குமுகக் கணக்கு 11 நிமிடத்துக்கு வந்திருந்தது. கடைசி 15 நிமிடத்தில் அந்த அறிவிப்பை மூடவே முடியாது. ஐடி பிரிவுத் தம்பியை அழைத்து, "கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியாதா?" என்று கேட்டேன். "கெடு முடிஞ்சிடுச்சு மேடம், எதுவா இருந்தாலும் உடனே சேவ் பண்ணிடுங்க" என்றார்.

எக்செல் கோப்பைக் காப்பாற்றிவிட்டேன். தாக்கலைத்தான் முடிக்க முடியவில்லை. நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள யுஎஸ்பி டோக்கனுக்குரிய டிரைவரும், தாக்கலில் அந்தக் கையொப்பத்தை இடும் எம்சைனர் மென்பொருளும் என் மடிக்கணினியில் மட்டுமே இருந்ததால், பக்கத்து இருக்கைக் கணினியில் உட்கார்ந்தும் பயனில்லை. நீலத் திரை 30 சதவீதத்தில் நின்ற அந்த நேரம் முழுவதும் டோக்கனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை மறுதொடக்கமாகி வந்த பின்னும், மீதமிருந்த டிரைவருக்காக இன்னொரு முறை கேட்டது. இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பு தாக்கல் முடிந்தது. தாமதக் கட்டணமும் வட்டியும் கட்டாமல் தப்பித்தோம்.

இப்போதெல்லாம் பட்டியல் வந்த வியாழன் மாலையே, கோப்புகளை மூடி, சார்ஜரைச் செருகி, எல்லாவற்றையும் ஒன்றாக நிறுவும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் கிளம்புகிறேன். எம்சைனரை இரண்டாவது கணினியிலும் நிறுவச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கணினி உதவிப் பிரிவில் பணியாற்றும் உறுப்பினர்:

கெடுவை நாங்கள் ஏன் தளர்த்துவதில்லை என்று பலர் வருத்தத்துடன் கேட்கிறார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் தொடங்கியதோ மே 12 அன்று. ஏறக்குறைய இரண்டு மாதம் கையில் இருந்தும் நிறுவாமல் விட்ட கணினிகள்தாம் பெரும்பாலும் சிக்கின. அந்த நினைவு எங்கள் துறையில் இருப்பவர்களை விட்டுப் போகவில்லை.

மொத்தமாக நிறுவுவதையே நானும் பரிந்துரைப்பேன், ஏனெனில் விண்டோஸ், டாட்நெட், ஆபீஸ் மூன்றும் பெரும்பாலும் ஒரே மறுதொடக்கத்தில் முடிந்துவிடும். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) புதுப்பிப்பு பட்டியலில் இருந்தால் மட்டும் அதைத் தனியே, மின்இணைப்புடன் செய்யுங்கள். அதன்பின், வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும் என்பதால், நாங்கள் தொலைபேசியில் கிடைக்கும் நேரத்தில் செய்வது நல்லது. 'நிறுவப்பட்டது, மறுதொடக்கம் தேவை' என்று காட்டினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது என்று பொருள். மூடியைச் சாத்திவிட்டுப் போவது மறுதொடக்கமாகாது.

இரவுப் பணியில் இருக்கும் உறுப்பினர்:

அமெரிக்க வாடிக்கையாளருக்காக மாலை ஆறு முதல் அதிகாலை மூன்று வரை பணியாற்றுகிறேன். சாஃப்ட்வேர் சென்டரின் விருப்பங்கள் பகுதியில் பணி நேரம் என்று ஓர் இடம் இருக்கிறது. அது காலை ஐந்து முதல் இரவு பத்து என்றே இருந்ததைக் கவனிக்காமல் இருந்தேன். பணி நேரத்துக்கு வெளியே தானாக நிறுவிக்கொள்ளும்படி குறியிட்டிருந்ததால், வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருக்கையில் இரவு பத்தரைக்கு மறுதொடக்க அறிவிப்பு வந்தது. என் உண்மையான நேரத்தை அங்கே பதிந்த பிறகு, காலையில் நான் உறங்கும்போது, அலுவலக வலையமைப்புடன் இணைக்கும் விபிஎன் இணைப்பில் விட்டுவைத்த கணினி தன் வேலையை முடித்துக்கொள்கிறது.