இரண்டு வயது மகளுக்கு உணவூட்டல் பயிற்சி (மென்று விழுங்கப் பழக்கும் பயிற்சி) தேவைப்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். இன்றுவரை மிக்சியில் அரைத்த சாதத்தையும் பாலில் ஊறிய இட்லியையும் தவிர எதுவும் இறங்குவதில்லை. அரைத்ததில் ஒரே ஒரு பருக்கை தப்பிவிட்டாலும் குமட்டி எடுத்துவிடுகிறாள். நேற்று காலை ஊட்டிய இட்லித் துணுக்கு, ஒரு மணி நேரம் கழித்து வாய் துடைக்கும்போது கன்னத்துக்குள் அப்படியே இருந்தது. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒவ்வொரு வேளையும் முக்கால் மணி நேரம் ஆகிறது. தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. பிறகு தொண்டையில் நீர் நிற்பதுபோல் குரல் மாறுகிறது. எடை ஆறு மாதமாக 9.2 கிலோவிலேயே நிற்கிறது. எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். மூன்று வாரம் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால் போனது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

"அடம்தான், பசித்தால் தானாகச் சாப்பிடுவாள்" என்கிறார் அத்தை. அடம் பிடிக்கிற பிள்ளை தட்டைத் தள்ளிவிடும். இவளோ கை நீட்டிக் கேட்டு வாங்கி, விழுங்க முடியாமல் தவிக்கிறாள்.

நாளை காலை குழந்தை மருத்துவரிடம் போகிறோம். எதையெல்லாம் மறக்காமல் சொல்ல வேண்டும்? அவள் சாப்பிடுவதை செல்போனில் எடுத்து வைத்திருக்கிறேன், காட்டலாமா? உணவூட்டல் பயிற்சியைத் தருபவர் பேச்சுப் பயிற்சியாளரா, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டா? அரசு மருத்துவமனையில் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்காக இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு யாராவது போயிருக்கிறீர்களா? உங்கள் பிள்ளை மென்று சாப்பிடப் பழக எத்தனை மாதம் ஆனது?