ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தும் 4கே டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருமண வீடியோக்களை எடிட் செய்வது என் தொழில். அண்மையில் சோனி ஏ7 4 கேமராவுக்கு மாறினோம். அதில் எடுத்த காட்சிகளை பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் ஏற்றினால், டைம்லைன் சில நொடிகள் ஓடி உறைந்துவிடுகிறது. ஒலி மட்டும் தொடர்கிறது. அதே டைம்லைனில் பழைய கேமராவின் 8 பிட் கோப்புகளும் ட்ரோன் காட்சிகளும் தடையின்றி ஓடுகின்றன.

என் கணினியில் இருப்பவை: இன்டெல் ஐ7 12700எஃப், 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. கோப்புகள் அனைத்தும் 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் உள்ளன. கேமராவின் அமைப்பு எக்ஸ்ஏவிசி எச்எஸ், 4கே 50பி, 200 மெகாபிட், 4:2:2 10 பிட். கடையில் கேட்டபோது, ஆர்டிஎக்ஸ் 4070 போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குவதால் விரைவாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வாங்கலாமா?

பதில் 1

நண்பரே, தயவுசெய்து அந்தக் கார்டை வாங்காதீர்கள். 4070 போட்டாலும் இதே இடத்தில்தான் நிற்கும்.

கிராஃபிக்ஸ் கார்டில் எஃபெக்ட், கலர் முதலியவற்றைக் கணக்கிடும் பகுதி வேறு. சுருக்கப்பட்ட வீடியோவை விரித்துக் கொடுக்கும் டீகோடர் வேறு. உங்கள் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265 என்ற சுருக்க முறைதான். 4:2:2, 4:2:0 என்பவை நிறத் தகவல் எவ்வளவு குறைத்துச் சேமிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் எண்கள்; 4:2:0இல் குறைப்பு அதிகம். பிட் எண்ணிக்கை நிறச் சாயல்களின் நுணுக்கத்தைக் குறிக்கும். ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளின் டீகோடர் எச்.265 கோப்புகளில் 4:2:0 வகையை, 10 பிட்டாக இருந்தாலும், எளிதில் விரித்துவிடும். 4:2:2 வகையை அது தொடுவதே இல்லை. அந்தச் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது. எச்.265 கோப்பில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முன்பின் உள்ள ஃப்ரேம்களைச் சார்ந்தே எழுதப்பட்டிருப்பதால், நொடிக்கு 50 ஃப்ரேம்களை வெறும் பிராசஸரால் விரிப்பது கடினமான வேலை.

இன்டெல் பிராசஸர்களின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் உள்ள வீடியோ டீகோடரான குவிக் சிங்க், 11ஆம் தலைமுறையிலிருந்து எச்.265 4:2:2 10 பிட்டை வன்பொருளிலேயே விரிக்கிறது. ஆனால் உங்கள் பிராசஸரின் பெயரில் உள்ள ‘எஃப்’ என்ற எழுத்துக்குப் பொருளே உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்பதுதான். விளையாட்டுக் கணினிக்கு அது நல்ல சிக்கனம். எடிட்டிங் கணினிக்கு அதைப் பரிந்துரைப்பது எனக்கு உடன்பாடில்லை.

உறுதி செய்துகொள்ள, பிரீமியரின் பிரிஃபரன்சஸில் மீடியா பகுதியில் வன்பொருள் டீகோடிங் இயக்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டைத் தேர்ந்து, ‘வீடியோ டீகோட்’ என்ற வரைபடத்தைத் திறந்து வைத்தபடி இரண்டு வகைக் கோப்புகளையும் ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ட்ரோன் காட்சி ஓடும்போது அந்த வரைபடம் ஏறி இறங்குகிறது. புதிய கேமராவின் காட்சி வந்ததும் கோடு அடியில் படுத்துவிடுகிறது, பிராசஸர் 100 சதவீதத்தைத் தொடுகிறது. கார்டு வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். குறைந்த செலவில் என்ன செய்யலாம்? மூன்று கேமராக்களின் காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டி எடிட் செய்யும் மல்டிகேமும் செய்ய வேண்டியிருக்கிறது.

பதில் 2

முதலில் செலவே இல்லாத வழியைச் சொல்கிறேன். கேமராவில் 4:2:2 என்பதை 4:2:0 10 பிட் என்று மாற்றுங்கள். உங்கள் 3060 அதை விரித்துவிடும். 10 பிட் அப்படியே இருப்பதால் எஸ்-லாக் 3இல் (பின்னர் கலர் செய்வதற்கென்றே மங்கலாகப் பதியும் முறை) எடுத்துக் கலர் செய்வதில் பெரிய இழப்பு வராது. சிவப்புக் கூறைப்பட்டில் ஜரிகை ஓரம் கசியுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். 4கே 4:2:0 கோப்பில் நிறத் தகவல் 1920க்கு 1080 என்ற அளவில் இருக்கிறது; நீங்கள் வாடிக்கையாளருக்கு ஃபுல் எச்டியில் கொடுப்பவராக இருந்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் தேவையான நிறம் அதில் முழுமையாகவே உண்டு. பச்சைத் திரை வேலையோ 4கே டெலிவரியோ இருந்தால் மட்டும் 4:2:2 பற்றி யோசிக்கலாம்.

ஏற்கெனவே எடுத்த காட்சிகளுக்கு ப்ராக்ஸிதான் வழி, அதாவது எடிட் செய்யும்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல். மீடியா என்கோடரில் புரோரெஸ் ப்ராக்ஸி வடிவத்தில், 1080 அளவில் இரவோடு இரவாக உருவாக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்பதால் டைம்லைனில் எந்த இடத்துக்குத் தாவினாலும் உடனே படம் வரும்.

அடுத்தது ஹார்டு டிஸ்க். 200 மெகாபிட் என்றால் நொடிக்கு 25 மெகாபைட். மூன்று கேமராவுக்கு 75. தொடர்ச்சியாகப் படிக்கும்போது ஹார்டு டிஸ்க் இதற்கு மேலும் தரும் என்றாலும், மூன்று கோப்புகளுக்கு இடையே அதன் முனை மாறி மாறி ஓட வேண்டியிருப்பதால் மல்டிகேமில் மூச்சு வாங்கும். நடப்பு வேலைக்கு 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்குங்கள். சாதாரண சாட்டா வகையே நொடிக்கு 500 மெகாபைட் அளவுக்குத் தரும். முடிந்த வேலைகளை ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள்.

பதில் 1

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். 4:2:2 கட்டாயம் வேண்டும் என்ற நிலை வந்தால், இருக்கும் மதர்போர்டிலேயே ‘எஃப்’ இல்லாத 12700ஐப் பொருத்துவது நேரான வழி. தனிக் கார்டு இருக்கும்போது பல போர்டுகள் உள்ளமைந்த கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) அதை இயக்கினால்தான் குவிக் சிங்க் தெரியும். பழைய பிராசஸரை விற்றால் செலவின் ஒரு பகுதி திரும்பிவிடும்.

மாற்றாக, இன்டெல் ஆர்க் ஏ380 கார்டை இரண்டாவதாகச் சொருகலாம். அதிலும் இதே டீகோடர் உண்டு. ஆனால் உங்கள் போர்டில் இரண்டாவது நீள ஸ்லாட் இருக்கிறதா, 3060இன் பருமன் அதை மறைக்கிறதா என்று கேபினட்டைத் திறந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். என்விடியாவிலேயே இருக்க விரும்பினால், 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் 4:2:2ஐ விரிக்கிறது.

13 அல்லது 14ஆம் தலைமுறை பிராசஸருக்குப் போவதாக இருந்தால், அவற்றில் கூடுதல் மின்னழுத்தத்தால் வந்த நிலையின்மைக்காக இன்டெல் 2024 செப்டம்பரில் வெளியிட்ட 0எக்ஸ்12பி மைக்ரோகோடு (பிராசஸரின் உள் கட்டளைகளுக்கான திருத்தம்) அடங்கிய பயாஸை முதலில் ஏற்றிவிட்டு, அதன்பின் பிராசஸரைப் பொருத்துங்கள்.