தகரக் கூரைக்கு அடியில் போடும் அலுமினியத் தாள்: சோதனைத் தாளை எப்படிப் படிப்பது?

கேள்வி (சுங்கை சிப்புட்)

வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது. தகரக் கூரை, பிற்பகல் மூன்று மணிக்கு பிளைவுட் சீலிங் தொட்டாலே சுடுகிறது. இருபுறமும் அலுமினியம் ஒட்டிய 5 மில்லிமீட்டர் நுரை விரிப்பு ஒன்று 50 மில்லிமீட்டர் கிளாஸ் வூலுக்கு (கண்ணாடி இழைப் பஞ்சு) நிகரானது என்று கடைக்காரர் சோதனைத் தாளைக் காட்டுகிறார். நம்பலாமா?

பதில் 1

ஐயா, கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். தடிமனை மீட்டரில் எடுத்து, வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் வெப்பத்தடை கிடைக்கும். கிளாஸ் வூலுக்குக் கடத்துத்திறன் ஏறத்தாழ 0.04; ஆகவே 50 மில்லிமீட்டருக்கு 1.25 வரும். நுரைக்கும் அதே அளவுதான் என்று கொண்டாலும் 5 மில்லிமீட்டருக்கு 0.125 மட்டுமே. மீதியெல்லாம் பளபளப்பான முகத்தை ஒட்டிய காற்றிடைவெளியின் பங்கு. விரிப்பைத் தகரத்தோடு ஒட்டி ஆணியடித்தால் அந்தப் பக்கத்துப் பங்கு போய்விடும். எனவே, விரிப்பை மட்டும் சோதித்தார்களா, இடைவெளியோடு சோதித்தார்களா, வெப்பம் மேலிருந்து கீழே பாயும்படி வைத்தார்களா என்று தாளில் தேடுங்கள். மலேசியத் தரநிலையான எம்.எஸ். 1525 எடை குறைந்த கூரைக்கு வைத்திருக்கும் யூ மதிப்பின் (கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு; மொத்தத் தடையின் தலைகீழ்) உச்சவரம்பு 0.4, அதாவது மொத்தத் தடை குறைந்தது 2.5 வேண்டும்.

பதில் 2

சோதனை எந்த வெப்பநிலையில் நடந்தது என்பதையும் பாருங்கள். 10 அல்லது 24 டிகிரியில் அளந்த கிளாஸ் வூல், நம் கூரையடிச் சூட்டில் சற்று அதிகமாகவே வெப்பத்தைக் கடத்தும். கட்டடத்திலேயே அளக்கும் ஐ.எஸ்.ஓ. 9869 முறைக்குக் குறைந்தது 72 மணி நேரம் தேவை. ஆனால் அது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை நம்பி நிற்பது, நம் ஊரிலோ ஏர்கோன் இல்லாத மண்டபத்தில் அந்த வேறுபாடு சொற்பம். இரண்டு தட்டிகளில் ஒன்றில் விரிப்பை வைத்து, மற்றதை வெறுமையாக விட்டு ஒப்பிடுவதே மேல்.

ஒன்று கவனம்: அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான தாளை நோக்கிக் காட்டினால், அது பெரும்பாலும் எதிரே உள்ள தரையின் பிம்பத்தைத்தான் அளக்கும். வயரிங்காரர் சுற்றும் கறுப்பு டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளக்கவும்.

கேட்டவர்

நன்றி அண்ணன்மார்களே. மாதிரித் துண்டைத் தகரத்துக்கு அடியில் கட்டிப் பார்த்தோம். வெறும் அலுமினியத் தாளில் 34 டிகிரி காட்டிய கருவி, டேப்பின்மேல் 46 காட்டியது. கடைக்காரரின் சோதனைத் தாளைப் புரட்டினேன். காற்றிடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்ற வரியே அதில் இல்லை. முழு அறிக்கையைக் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை முன்பணம் கொடுப்பதாக இல்லை.