மறுமொழி: ‘ஸ்டேட் பில்டிங்’ – அரசாக்கமா, அரசுருவாக்கமா, அரசுக் கட்டுமானமா?

சொல்லடைவுக் குழு அன்பர்களுக்கு வணக்கம். ‘ஸ்டேட் பில்டிங்’ (state building) என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற நம் விவாதத்துக்கு என் மறுமொழி இது.

> ‘தேச நிர்மாணம்’ என்று நம் பத்திரிகைகள் காலங்காலமாக எழுதிவருகின்றன. அதையே இதற்கும் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

ஈப்போவிலிருந்து எழுதிய ஐயா இப்படிக் கேட்பதில் சிக்கனம் இருக்கிறது. ஆனாலும் என்னால் உடன்பட முடியவில்லை. தேச நிர்மாணம் என்று எழுதும்போது நாம் மனத்தில் வைத்திருப்பது மக்களை: 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடுகள், 1991இல் அன்றைய பிரதமர் மகாதீர் முன்வைத்த ‘பங்சா மலேசியா’ (எல்லா இனத்தவரும் சேர்ந்த ஒரே மலேசிய இனம்), தேசிய தினத்தன்று கொடியோடு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். ஸ்டேட் பில்டிங் வேறு விஷயம். வரி வசூலிக்க, ஆளைப் பதிவுசெய்ய, நிலத்துக்குப் பட்டா கொடுக்க, உள்கிராமம்வரை போலீசை அனுப்ப ஓர் அரசுக்கு எங்கிருந்து வல்லமை வந்தது என்று கேட்பது அது.

இரண்டும் கைகோத்து வளரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சோமாலியாவில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரே மொழி, ஒரே மதம். பிரிட்டனும் இத்தாலியும் ஆண்ட இரண்டு பகுதிகள் 1960இல் தாமாக இணைந்து ஒரு நாடாயின. 1991 ஜனவரியில் அதிபர் சியாத் பாரே தலைநகரைவிட்டு ஓடியதும் மத்திய அரசு என்ற ஒன்றே இல்லாமல் போனது. நம் மலேசியாவின் கதை தலைகீழ். தேசம் என்பதில் யார் யார் அடக்கம் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அடையாள அட்டையைக் காட்டாமல் ஒரு சிம் அட்டை வாங்கிவிட முடியாது.

அந்த அட்டையின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் சொல்லுக்கான விடை அங்கேதான் இருக்கிறது. 1948 ஜூனில், கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை ஒடுக்க, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், பன்னிரண்டு வயதான ஒவ்வொருவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதன் அபாயத்தைக் கம்யூனிஸ்டுகள் உடனே புரிந்துகொண்டார்கள். மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்துக் கிழித்தார்கள். 1950இல், கிளர்ச்சியாளர்களுக்கு மக்களிடமிருந்து உதவி போகாமல் தடுக்கும் பிரிக்ஸ் திட்டம். காட்டோரத்தில் பயிர்செய்து பிழைத்துவந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் (வரிசை வீடுகளும்) ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலிக்குள் வந்தன. அரிசிக்குப் பங்கீடு. டின் உணவை விற்கும் கடைக்காரர் அங்கேயே டின்னைத் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும் அல்லவா? ஒரு மளிகைக் கடையின் மேசைவரை அரசின் கை நீண்டது அப்போதுதான்.

இதற்கெல்லாம் பணம்? கொரியப் போர் ரப்பர் விலையை ஏற்றிவிட்டது, கஜானா நிறைந்தது. வருமான வரிச் சட்டம் அதற்குச் சற்று முன்பே, 1947இல் வந்திருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, 1951இல், ஊழியர் சேமநிதியும் தொடங்கியது. ஆகவே விடுதலை நாளான 1957 ஆகஸ்ட் 31இல் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் ஏற்றுக்கொண்டது, குடிமக்களைப் பெயர் பெயராக அறிந்த ஓர் அரசை. பெல்ஜியம் 1960இல் விட்டுச்சென்ற காங்கோவில் உள்நாட்டுப் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விடுதலை பெற்ற நாடுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் கட்டுரைகள் எனக்குச் சலிப்பூட்டுவது இதனால்தான்.

நம்மவர்கள் இதில் மறக்கக் கூடாத பக்கம் ஒன்று உண்டு. பதிவேடு வைத்திருப்பவன் யாரைப் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்துவது என்பதையும் தீர்மானிப்பான். குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர்களுக்கு 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே முதுமை எய்தியவர்களை நம்மில் பலருக்குத் தெரியும். அரசியல் அதிகாரம் பற்றி எழுதும்போது மந்திரி பதவிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

இனிச் சொற்கள்.

‘அரசாக்கம்’ காதுக்கு இனிமை. ஆனால் அரசாங்கத்துக்கும் அதற்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். பிழைதிருத்துபவர் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் அரசாங்கம் ஆக்கிவிடுவார். வேண்டாம்.

‘அரசுருவாக்கம்’ ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. சங்ககால வேளிர், வேந்தர் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள், அரசே இல்லாத இடத்தில் அரசு தோன்றுவதைத்தான் ‘அரசு உருவாக்கம்’ என்கிறார்கள். காலனி நாடுகளில் அப்படி ஒரு தொடக்கம் இல்லை. வெள்ளைக்காரன் போட்ட அடித்தளத்தின்மேல் கட்டினார்கள், அல்லது கட்டத் தவறினார்கள். அந்தச் சொல்லை வரலாற்றாசிரியர்களுக்கே விட்டுவிடுவோம். ‘அரசமைப்பு’ என்றாலோ சட்டப் புத்தகம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

> பினாங்கில் ‘ஸ்டேட்’ என்றால் மாநிலம். குழப்பம் வராதா?

வரும் அக்கா. 1946வரை நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பிரிட்டிஷ் காலனியில் ஒன்றாக இருந்த பினாங்குத் தீவுக்கு, தான் எந்த அரசைச் சேர்ந்தது என்பதே ஒரு காலத்தில் விவாதப்பொருள். 1948 இறுதியில் மலாயாக் கூட்டரசிலிருந்து பிரிய வேண்டும் என்று அங்கே ஒரு குழுவே அமைந்தது. ஆனால் இந்தக் குழப்பம் ஆங்கிலத்துடையது. தமிழில் மாநிலமும் அரசும் தனித்தனியாகவே நிற்கின்றன. நமக்குள்ள உண்மையான தொல்லை அரசு, அரசாங்கம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது. 2018 மே முதல் 2022 நவம்பர்வரை நான்கு பேர் பிரதமராகப் பதவியேற்றார்கள். அரசாங்கம் மாறியது. பதிவிலாகாவும் நில அலுவலகமும் சேமநிதியும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அரசு அப்படியே இருந்தது. இந்த வேறுபாட்டை நம் சொல்லடைவு கட்டாயம் காக்க வேண்டும். மலாய் மொழியிலும் இதே சங்கடம் இருக்கிறது: அரசாங்கத்தைக் குறிக்கும் ‘கெராஜாஆன்’ என்ற சொல்லுக்குள் ராஜா உட்கார்ந்திருக்கிறார், நம் அரசுக்குள் அரசன் இருப்பதைப் போல.

ஆகவே என் வாக்கு ‘அரசுக் கட்டுமானம்’. வினையாக வரும்போது ‘அரசைக் கட்டியெழுப்புதல்’. கட்டு என்பதில் எழுப்புவதும் இருக்கிறது, கட்டிப்போடுவதும் இருக்கிறது. புதுக்கிராமத்து முள்வேலிக்கு அது பொருந்தும். பொதுப்பணி இலாகாவின் டெண்டர் விளம்பரம் என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்று கோலாலம்பூர் நண்பர் கேலி செய்திருந்தார். நம் நாட்டில் அதுவும் முழுக்கத் தவறில்லை என்பது என் எண்ணம். நடுவில் ‘க்’கை விட்டுவிடாமல் எழுதினால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

தேச நிர்மாணம், நேஷன் பில்டிங்குக்கே இருக்கட்டும். ‘ஸ்டேட் கபாசிட்டி’க்கு ‘அரசின் ஆற்றல்’ போதும், புதிதாகப் புனைய வேண்டாம். மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். வாக்கியத்தில் உட்காராத சொல்லைப் பட்டியலில் சேர்க்கப் போவதில்லை.

அன்புடன்,
பிரிக்பீல்ட்சிலிருந்து