'எக்ஸாஸ்ட் லீக்': புகைக்கசிவா, கழிபுகையா, சந்துவிடலா?

கோவை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:
வணக்கம். சொந்தக் கார் வைத்திருப்போருக்கான பராமரிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'எக்ஸாஸ்ட் லீக்' (எஞ்சின் புகை வெளியேறும் வழியில் ஓட்டை), 'லூஸ் ஜாயின்ட்' (அந்தக் குழாய்களின் இணைப்பு தளர்வது) இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். நம்ம பக்கம் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் மேனிபோல்டிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வரை எல்லாமே 'சைலன்சர்'தான். "சைலன்சர் சத்தமுங்க" என்று வண்டி வரும். இணைப்பின் நடுவே புகை வெளியேறாமல் அடைக்கும் கேஸ்கட் போயிருக்கலாம், குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், தாங்கு ரப்பர் அறுந்திருக்கலாம். படிப்பவருக்கு இவை தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'கழிபுகை' என்க. கழிந்த, கழிகின்ற, கழியும் புகை என முக்காலமும் பொருந்தும் வினைத்தொகை. ஊறுகாயில் போலவே வல்லினம் மிகாது. கழிபுகைக் குழாய், கழிபுகைக் கசிவு என்று குடும்பமாகச் சொற்கள் பிறக்கும்.

கரூர்:
ஐயா, 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்பது நன்னூல். 'கழிபேருவகை' படித்தவர்கள் கழிபுகையை மிகுந்த புகை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வண்டி கரும்புகை தள்ளுவது வேறு கோளாறு. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போய்த் தேடுவார்கள். போதாக்குறைக்குக் கழி என்றால் கோல், உப்பங்கழி.

பொள்ளாச்சி, பட்டறை:
உரிச்சொல்லைப் பொறவு பாக்கலாமுங்க. வண்டிக்காரர் காதில் என்ன விழுகிறது, கண்ணில் என்ன படுகிறது என்பதிலிருந்து சொல் வரட்டும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேனிபோல்டுப் பக்கம் 'டிக் டிக்' என்று அடிக்கும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடவே வேகமெடுக்கும். சூடேறி இரும்பு விரிந்ததும் அடங்கிவிடும். பெரும்பாலும் அது கேஸ்கட். ஓடி வந்த வண்டியில் தேடினால் அகப்படாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெட்டவெளியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒருத்தர் கையுறையோடு தடித்த ஈரத்துணியால் பின்குழாயைச் சில விநாடி அடைக்கட்டும். இன்னொருத்தர் அடியில் படுக்காமல் பக்கவாட்டில் குனிந்து கேட்கட்டும். ஓட்டை இருக்கிற இடம் 'புஸ்ஸ்' என்று சீறும். எஞ்சின் ஆறியபின் பார்த்தால் அதே இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகக் கரி படிந்திருக்கும்.

கடகடப்பு வேறு. எஞ்சினை அணைத்து, குழாய் நன்றாக ஆறியபின், ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டணும். தகர டப்பா போலச் சத்தம் வந்தால் குழாயின் சூட்டைத் தடுக்கும் வெப்பத்தகடு. போல்ட்டு துருப்பிடித்துக் கழன்றிருக்கும், பெரிய ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினால் நிற்கும். சைலன்சருக்கு உள்ளே ஏதோ உருண்டால் தடுப்புத்தகடு ஒடிந்திருக்கிறது, சைலன்சரையே மாற்றணும். தாங்கு ரப்பர் வெடித்திருந்தால் குழாய் தொங்கி, அந்தப் பாரமே இணைப்பையும் தளர்த்திவிடும். யு கிளாம்ப் நட்டுக்கு முதல் நாளே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்கணும். அளவுக்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கும்; அடுத்த தடவை கழற்றவே முடியாது. அடியில் நுழைவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டேண்டு கொடுத்தே நுழையணும்.

ஆக, சீறுவதற்கு ஒரு சொல், கடகடப்பதற்கு ஒரு சொல்.

ஈரோடு:
விளக்கம் அருமை. ஆனால் கசிவு ஈரத்துக்கு உரிய சொல். சுவர் கசியும், நெஞ்சு கசியும். புகை எப்படிக் கசியும்?

கரூர்:
1984 போபாலுக்குப் பிறகு வாயுக்கசிவு என்று எழுதாத பத்திரிகை இல்லை. நாற்பது ஆண்டுப் புழக்கத்தை இனி விலக்க முடியாது.

திருப்பூர்:
எனக்கு வேறு தடை. இந்த ஓட்டை வெளியே மட்டும் விடுவதில்லை. புகை ஒரே ஓட்டமாக இல்லாமல் துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஓட்டை, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு முன்னால் இருந்தால், பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லும்; எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு கூடுதலாக ஊற்றும்; மைலேஜ் விழும். கசிவு என்றால் இதில் பாதி மறைந்துவிடும். 'சந்து விட்டிருச்சு' என்று நாம் பேசுவதுதானே? சந்துவிடல் என்று வையுங்கள், இரண்டு பக்கமும் அடங்கும்.

ஈரோடு:
சந்து வடசொல் சந்தியோடு உறவுடையது என்பர். மூட்டுவாய் இருக்கிறதே!

கோவை:
மூட்டை மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன ஐயா. 'மூட்டுத் தளர்வு' என்று தலைப்புப் போட்டால் முழங்கால் என்றே நினைப்பார்கள்.

இதுவரை வந்ததில் புகைக்கசிவு, இணைப்புத் தளர்வு இரண்டுக்கும்தான் ஆதரவு அதிகம். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். கேஸ்கட் கேஸ்கட்டாகவே இருக்கும். உதிரிபாகக் கடையில் போய்க் கேட்க வேண்டிய பெயர் அது.

திருப்பூர்:
சரிங்க. காற்று உள்ளே இழுபடுவதை அடிக்குறிப்பாகவாவது போடுங்க. மைலேஜ் குறையுது என்று வருகிறவர்கள் புகைக்கசிவுப் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள்.

ஈரோடு:
என் வாக்கு கழிபுகைக்கே.